பியேர் சொன்னெரா

பியேர் சொன்னெரா (ஆகஸ்ட் 18, 1748 – மார்ச் 31, 1814) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர், ஓவியர், பயண நூலாசிரியர் ஆவார். இவர் புதுச்சேரியையும் சோழமண்டலக் கடற்கரையையும் நேரில் கண்டு, இங்குள்ள பறவைகள், மரங்கள், கோயில்கள், திருவிழாக்கள், தொழிலாளர்கள் ஆகியவற்றைப் படங்களுடன் விவரித்து 1782 ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நூலாக வெளியிட்டார். தமிழகக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியற் பெயரிலும், பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் வளரும் ஒரு கண்டல் மர இனத்தின் பெயரிலும் இவருடைய பெயர் இன்றும் உள்ளது. திருவக்கரையின் கல்மரங்களை முதன்முதலில் எழுத்தில் பதிவு செய்த ஐரோப்பியரும் இவரே.

சொன்னெராவின் படங்கள் இரு வேறு காரணங்களுக்காக நினைவுகூரப்படுகின்றன. நேரில் கண்டு வரைந்தவை இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் ஆய்வாளர்களுக்குச் சான்றாகப் பயன்படுகின்றன. காணாத இடத்தில் கண்டதாகக் கூறி வெளியிட்டவையோ உயிரியல் பெயர்களில் நீக்க முடியாத பிழைகளை விட்டுச் சென்றுள்ளன. ஓர் ஓவியரின் படம் எப்போது சான்றாகிறது என்னும் கேள்விக்கு இவருடைய வாழ்க்கை ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

சொன்னெரா பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற இலியோன் நகரில் பிறந்தார். அதே நகரைச் சேர்ந்த பியேர் புவாவர் என்பவர் இவருக்கு உறவினர். புவாவர் 1767 முதல் 1772 வரை இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த மொரீசியசு, ரியூனியன் தீவுகளின் நிருவாகியாகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் கிராம்பு, சாதிக்காய் ஆகிய நறுமணப் பொருள்களின் வணிகம் முழுவதும் ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவை விளையும் மொலுக்கத் தீவுகளை ஒல்லாந்தர் கடுமையாகக் காவல் காத்தனர். அச்செடிகளின் நாற்றுகளையும் விதைகளையும் எப்படியாவது கொண்டுவந்து மொரீசியசில் பயிரிட வேண்டும் என்பது புவாவரின் வாழ்நாள் நோக்கமாக இருந்தது. இதற்குச் செடிகளை அடையாளம் காண வல்லோரும் அவற்றைப் பிழையின்றி வரைய வல்லோரும் தேவைப்பட்டனர். அப்பணிக்காகவே இருபது வயதான சொன்னெரா 1768 இல் மொரீசியசுக்கு வந்தார்.

கொம்மெர்சோனிடம் பெற்ற பயிற்சி

பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றி வந்த பிரெஞ்சுக் கப்பற் பயணத்தில் இயற்கை ஆய்வாளராகச் சென்றவர் ஃபிலிபேர் கொம்மெர்சோன். அக்கப்பல்கள் 1768 நவம்பரில் மொரீசியசை அடைந்தபோது, புவாவரின் வேண்டுகோளின்படி கொம்மெர்சோன் அங்கேயே தங்கிவிட்டார். 1773 இல் இறக்கும் வரை அவர் அப்பகுதியின் செடிகளையும் மீன்களையும் பறவைகளையும் திரட்டி ஆராய்ந்தார். அவருக்காகப் படம் வரைந்தவர்கள் சோசிஞி என்பவரும் சொன்னெராவும் ஆவர்.

ஒளிப்படம் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் கள ஓவியரின் பணி மிகவும் இன்றியமையாததாக இருந்தது. வெப்ப மண்டலத்தில் பிடிபட்ட மீனின் நிறம் சில மணி நேரத்தில் மங்கிவிடும். பறவையின் உடல் விரைவில் அழுகும். தோலை உரித்துப் பாடம் செய்தாலும் அலகு, கால், கண் வளையம் ஆகியவற்றின் நிறம் மாறிவிடும். பூச்சிகளும் ஈரமும் நீண்ட கப்பற் பயணமும் எஞ்சியவற்றையும் அழித்துவிடும். எனவே உயிர் இருக்கும்போதோ இறந்த உடனேயோ வரையப்படும் கோட்டோவியமும், அதன் ஓரத்தில் எழுதப்படும் நிறக் குறிப்புகளும் பல வேளைகளில் ஓர் உயிரினத்தைப் பற்றி ஐரோப்பாவை அடையும் ஒரே செய்தியாக இருந்தன.

இம்முறையில் ஓவியர் தம் கற்பனைக்கு இடம் தரக் கூடாது. இறகுகளின் அமைப்பு, விரல்களின் எண்ணிக்கை, இலைகள் எதிரெதிராக உள்ளனவா மாறி மாறி உள்ளனவா என்பன போன்ற கூறுகள் பிழையின்றி இருத்தல் வேண்டும். கொம்மெர்சோனிடம் சொன்னெரா கற்றது இந்த ஒழுங்கையே. பிற்காலத்தில் அவர் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்த இடங்களிலும் அதிலிருந்து விலகிய இடங்களிலும் விளைவுகள் வெவ்வேறாக அமைந்தன.

முதற் பயணம்

1771 ஆம் ஆண்டு நறுமணச் செடிகளைத் தேடி மொரீசியசிலிருந்து இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. சொன்னெராவும் அவற்றில் சென்றார். வழியில் சீசெல்சுத் தீவுகளில் இரட்டைத் தேங்காய் எனப்படும் கடல் தேங்காயைக் கண்டு வரைந்தார். பின்னர் கப்பல்கள் பிலிப்பைன்சுக்கும் அங்கிருந்து மொலுக்கப் பகுதிக்கும் சென்றன. 1772 இல் கிராம்பு, சாதிக்காய்ச் செடிகளுடன் மொரீசியசுக்குத் திரும்பின.

இப்பயணத்தில் சொன்னெரா சென்றடைந்த கிழக்கு எல்லை கெபே என்னும் சிறு தீவாகும். இது அல்மகேரா தீவுக்கும் நியூ கினிக்கும் இடையில் உள்ளது. நியூ கினியில் அவர் கால் வைக்கவில்லை. அங்கிருந்து வணிகர்கள் கொண்டு வந்த சொர்க்கப் பறவைகளின் தோல்களையும் பிற பறவைகளையும் கெபேயில் பெற்றார்.

பிரான்சுக்குத் திரும்பிய அவர் தம் சேகரிப்புகளை அரசரின் இயற்கைப் பொருட்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். பாரிசு அறிவியற் கழகத்தின் தொடர்பாளராகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1776 இல் "நியூ கினிப் பயணம்" என்ற பெயரில் 120 படங்களுடன் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அதன் முகப்புப் படத்தில், வெப்ப மண்டல நிலக்காட்சியின் நடுவே ஒரு பறவையை வரைந்துகொண்டிருக்கும் ஐரோப்பிய ஓவியர் ஒருவர் காட்டப்பட்டுள்ளார். நூலிலுள்ள எல்லாவற்றையும் ஆசிரியர் நேரில் கண்டே வரைந்தார் என்ற எண்ணத்தை இப்படம் வாசகரிடம் ஏற்படுத்தியது.

நியூ கினிப் படங்களின் சிக்கல்

இந்நூலில் நியூ கினியில் வாழ்வனவாகப் பென்குயின்களின் படங்கள் இடம்பெற்றன. ஆனால் நியூ கினியிலோ அதன் அருகிலோ பென்குயின்கள் இல்லை. தென் அமெரிக்காவின் தென்கோடி வழியாக வந்த கொம்மெர்சோனின் சேகரிப்பில் இருந்த தோல்களைக் கொண்டு அவை வரையப்பட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. கொம்மெர்சோனின் உழைப்பைச் சொன்னெரா உரிய முறையில் குறிப்பிடாமல் பயன்படுத்திக் கொண்டார் என்ற குற்றச்சாட்டும் உண்டு.

அதே நூலில் ஒரு பெரிய மீன்கொத்தியின் படமும் உள்ளது. இது ஆத்திரேலியாவில் வாழும் கூக்கபரா என்னும் பறவையாகும். இதுவும் நியூ கினியைச் சேர்ந்தது என்றே சொன்னெரா எழுதினார். ஆத்திரேலியாவின் கிழக்குக் கரையை 1770 இல் அடைந்த குக் என்பவரின் கப்பலில் சென்ற சோசப் பேங்க்சு வழியாக இதன் தோல் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இப்படங்களை நம்பியே பிற அறிஞர்கள் அப்பறவைகளுக்கு இலத்தீன் பெயர் சூட்டினர். 1781 இல் ஃபோர்ஸ்டர் என்பவர் ஒரு பென்குயினுக்கு "பாப்புவா" என்ற சிறப்புப் பெயரை இட்டார். இன்று ஜென்டூ பென்குயின் எனப்படும் அப்பறவை அண்டார்க்டிக்காவை ஒட்டிய பகுதிகளில் வாழ்கிறது. 1783 இல் எர்மன் என்பவர் கூக்கபராவுக்கு "நியூ கினியைச் சேர்ந்தது" எனப் பொருள்படும் பெயரை இட்டார். உயிரியல் பெயரிடல் விதிகளின்படி முதலில் இட்ட பெயரே நிலைக்கும். அது தவறான இடத்தைக் குறிக்கிறது என்பதற்காக அதை மாற்ற இயலாது. எனவே இவ்விரு பறவைகளும் தாம் வாழாத ஒரு நாட்டின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன.

படங்களைப் பொறுத்தவரை இவை மோசமானவை அல்ல. பறவைகளின் உருவம் அடையாளம் காணும் அளவுக்குச் சரியாகவே வரையப்பட்டுள்ளது. பிழை இருந்தது படத்தின் அடியில் எழுதப்பட்ட இடப் பெயரில்தான். பாடம் செய்த தோலைப் பார்த்து வரைவது அக்காலத்தில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையே ஆகும். தோல் எங்கிருந்து வந்தது என்பதை உள்ளபடி கூறாததே குற்றமாயிற்று.

இந்தியப் பயணம்

1774 இல் சொன்னெரா அரசரின் ஆணையின் பேரில் மீண்டும் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார். கப்பற்படைத் துணை ஆணையர் என்ற பதவியும் அவருக்கு இருந்தது. 1781 வரை நீடித்த இப்பயணத்தில் இந்தியாவின் இரு கடற்கரைகள், இலங்கை, மலாக்கா, சீனாவின் காண்டன் துறைமுகம், மடகாசுக்கர் முதலிய இடங்களைக் கண்டார்.

அப்போதைய புதுச்சேரி போர்களால் அலைக்கழிக்கப்பட்ட நகரமாகும். 1761 இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்தனர். 1765 இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பக் கிடைத்த பின் அது மீண்டும் கட்டப்பட்டு வந்தது. 1778 இல் ஆங்கிலேயர் மறுபடியும் முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். சொன்னெராவின் குறிப்புகளும் படங்களும் இத்தகைய அமைதியற்ற காலத்தில் உருவானவையே.

செம்மண் மேடும் கல்மரங்களும்

புதுச்சேரி நகரம் கடலை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் அமைந்துள்ளது. நகரின் வடமேற்கில் திண்டிவனம் செல்லும் சாலையில் நிலம் உயர்ந்து, செம்மண் மேடாக மாறுகிறது. இன்று சவகர்லால் பட்ட மேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் (ஜிப்மர்) அமைந்துள்ள கோரிமேடு இந்த மேட்டு நிலத்தில்தான் உள்ளது. நிலவியலாளர் இப்பகுதியின் பாறையைக் கடலூர் மணற்கல் என்று அழைக்கின்றனர். இரும்புச் சத்து மிகுந்திருப்பதால் இதன் மேற்பரப்பு சிவந்த நிறத்தில் காணப்படுகிறது. மழைநீர் ஓடும் இடங்களில் மண் அரிக்கப்பட்டுப் பள்ளங்கள் தோன்றுகின்றன.

இதே மணற்கல் அடுக்கு மேற்கிலும் தொடர்கிறது. புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. வடமேற்கில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவக்கரையில், மண் அரிப்பினால் கல்லாக மாறிய பெரிய அடிமரங்கள் வெளித் தெரிகின்றன. 1781 இல் சொன்னெரா இவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இதுவே இக்கல்மரங்களைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவாகக் கொள்ளப்படுகிறது.

திருவக்கரை தேவாரப் பாடல் பெற்ற தலமாகும். அங்குள்ள சந்திரமௌலீசுவரர் கோயிலில் வக்கிரகாளியம்மன் சன்னதி பெயர் பெற்றது. அங்கே கொல்லப்பட்ட வக்கிராசுரன் என்னும் அசுரனின் எலும்புகளே இக்கற்கள் என்பது உள்ளூர் வழக்கு. நிலவியலாளரின் கருத்துப்படி இவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் ஆகும். வேர்களோ கிளைகளோ இலைகளோ இல்லாமல் அடிமரங்கள் மட்டுமே படுத்த நிலையில் கிடைப்பதால், இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல என்றும், வெள்ளத்தால் வேறிடத்திலிருந்து அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்றும் கருதப்படுகிறது. மரத்தின் உயிர்ப் பொருள் சிறிது சிறிதாக நீங்கி, அவ்விடத்தைச் சிலிக்கா நிரப்பியதால் ஆண்டு வளையங்களும் இழை அமைப்பும் கல்லிலும் அப்படியே காணப்படுகின்றன. 1940 இல் இவ்விடம் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதனைப் பராமரித்து வருகிறது.

சொன்னெரா இங்கு ஒரு கள ஆய்வாளரின் வேலையைச் செய்தார் எனலாம். கண்டதைக் கண்ட இடத்தின் பெயருடன் குறித்து வைத்தார். பிற்காலத்தவர் அதே இடத்திற்குச் சென்று அவர் கூறியதைச் சரிபார்க்க முடிந்தது. நியூ கினிப் பென்குயின்களை அவ்வாறு எவராலும் சரிபார்க்க முடியவில்லை.

1782 ஆம் ஆண்டு நூல்

"கிழக்கிந்தியாவுக்கும் சீனாவுக்கும் பயணம்" என்னும் நூல் 1782 இல் பாரிசில் இரண்டு பெரிய தொகுதிகளாக 140 படங்களுடன் வெளிவந்தது. முதல் தொகுதி இந்தியாவைப் பற்றியது. மக்களின் பழக்க வழக்கங்கள், சமயம், கலைகள், தொழில்கள் ஆகியவை அதில் விவரிக்கப்பட்டன. இரண்டாம் தொகுதியில் சீனா, பர்மா, மடகாசுக்கர் முதலிய நாடுகளும், விலங்குகள், பறவைகள், செடிகள் பற்றிய இயற்கை வரலாறும் இடம்பெற்றன.

சொன்னெரா வரைந்த மூலப் படங்களைப் பாரிசில் புவாசோன் என்னும் செதுக்குக் கலைஞர் செப்புத் தகடுகளில் செதுக்கினார். தகட்டில் மை தடவித் தாளில் அழுத்திப் படம் எடுக்கப்பட்டது. சில படிகளுக்குப் பின்னர் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. எனவே வாசகர் கண்ட படம் ஓவியர், செதுக்குபவர், வண்ணம் தீட்டுபவர் என மூவர் கைகளைக் கடந்து வந்ததாகும். இந்தியாவைக் காணாத செதுக்குக் கலைஞரின் கையில் சில முகங்களும் உடற்கட்டுகளும் ஐரோப்பியச் சாயல் பெற்றுவிட்டதில் வியப்பில்லை.

தொழிலாளர் படங்கள்

நெசவாளர், குயவர், கொல்லர், தச்சர், துணியில் சித்திரம் தீட்டுவோர் முதலிய தொழிலாளர்களைச் சொன்னெரா அவரவர் கருவிகளுடன் காட்டினார். சோழமண்டலக் கரையின் துணிகளே பிரெஞ்சு வணிகத்தின் முதுகெலும்பாக இருந்தன. எனவே அத்துணிகள் எத்தகைய எளிய தறிகளில் நெய்யப்பட்டன என்பதை அறிய ஐரோப்பியர் ஆர்வம் கொண்டிருந்தனர். தறி, திரிகை, துருத்தி போன்றவை இப்படங்களில் இடம்பெற்றிருப்பதால், 18 ஆம் நூற்றாண்டுக் கைத்தொழில்களை ஆராய்வோருக்கு இவை பயன் தருகின்றன.

தெய்வப் படங்களும் உள்ளூர் ஓவியர்களும்

சிவன், திருமால், திருமாலின் அவதாரங்கள், பிள்ளையார் முதலிய தெய்வங்களின் படங்களும் இந்நூலில் உள்ளன. ஐரோப்பியருக்குக் கோயில்களின் கருவறைக்குள் செல்ல அனுமதி இல்லை. எனவே இப்படங்களைச் சொன்னெரா சிலைகளைப் பார்த்து வரைந்திருக்க இயலாது. புதுச்சேரியிலும் சோழமண்டலக் கரையிலும் இருந்த உள்ளூர் ஓவியர்கள் ஐரோப்பியருக்குத் தாளில் தெய்வ உருவங்களைத் தீட்டி விற்று வந்தனர். அத்தகைய ஓவியங்களே சொன்னெராவுக்கு மூலமாக இருந்தன என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். கைகளின் எண்ணிக்கை, ஆயுதங்கள், ஊர்திகள் ஆகியவை பெரும்பாலும் மரபுக்கு இயைந்து காணப்படுவது இதற்குச் சான்றாகும்.

இதன் பயன் பெரிது. அதற்கு முந்தைய ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் இந்தியத் தெய்வங்கள் கொம்பும் வாலும் கொண்ட பேய்களாகச் சித்திரிக்கப்பட்டன. கேள்விப்பட்டதை வைத்து வரைந்ததன் விளைவு அது. உள்ளூர் ஓவியரின் கையைப் பின்பற்றியதால் சொன்னெராவின் படங்கள் அத்தவறிலிருந்து பெருமளவு விலகி நின்றன. எனினும் அந்த உள்ளூர் ஓவியர்களின் பெயர்கள் நூலில் இடம்பெறவில்லை. படங்களின் கீழ் வரைந்தவராகச் சொன்னெராவும் செதுக்கியவராகப் புவாசோனும் மட்டுமே குறிக்கப்பட்டனர். கொம்மெர்சோனின் விடயத்தில் எழுந்த அதே குறை இங்கும் காணப்படுகிறது.

இலக்கியத் தாக்கம்

இந்நூலின் செருமானிய மொழிபெயர்ப்பு 1783 இல் சூரிக் நகரில் வெளிவந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1788–89 இல் கல்கத்தாவில் அச்சிடப்பட்டது. செருமானியக் கவிஞர் கோத்தே இந்நூலைப் படித்தார். 1797 இல் அவர் எழுதிய கடவுளும் தேவதாசியும் பற்றிய கதைப்பாடலுக்குச் சொன்னெரா கூறிய கதையே மூலமாகும். தலை மாறி ஒட்டப்பட்ட இரேணுகை, மாரியம்மனான கதையையும் சொன்னெரா இந்நூலில் பதிவு செய்திருந்தார். கோத்தே முதுமையில் எழுதிய "பறையர்" என்னும் முத்தொடர்க் கவிதைக்கு இக்கதை அடிப்படையாக அமைந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிய ஒரு கதை இவ்வாறு செருமானிய இலக்கியத்தில் இடம்பெற்றது.

எசூர் வேதம்

18 ஆம் நூற்றாண்டில் "எசூர் வேதம்" என்ற பிரெஞ்சு மொழிக் கையெழுத்துப் படி ஐரோப்பாவில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. இது வேதத்தின் மொழிபெயர்ப்பு என்று நம்பப்பட்டது. புகழ்பெற்ற சிந்தனையாளர் வால்டேர் 1760 இல் இதன் படியொன்றைப் பெற்று, கிறித்தவத்தை விடப் பழமையான ஞானத்திற்கு இது சான்று என்று போற்றினார். 1778 இல் இது நூலாகவும் அச்சிடப்பட்டது.

சொன்னெரா 1782 ஆம் ஆண்டு நூலில் இது உண்மையான வேதம் அன்று என்றும், மசூலிப்பட்டினத்தில் இருந்த ஒரு கிறித்தவ மறைப்பணியாளரால் இயற்றப்பட்டது என்றும் எழுதினார். மதமாற்ற நோக்கில் பிராமணக் கருத்துகளை மறுப்பதற்காக எழுதப்பட்ட உரையாடல் என்பது அவர் முடிவு. எழுதியவர் யார், எங்கு எழுதினார் என்பவை பற்றிப் பின்னர் வேறு கருத்துகள் எழுந்தன. எனினும் அது மறைப்பணியாளர் ஆக்கமே என்னும் அடிப்படை முடிவைப் பிற்கால ஆய்வு உறுதிப்படுத்தியது. இதனை அச்சில் வெளிப்படையாக எடுத்துரைத்த முதல்வர்களுள் ஒருவராகச் சொன்னெரா கருதப்படுகிறார். நியூ கினிப் பறவைகளின் பிறப்பிடத்தைத் திரித்துக் கூறியவரே, ஐரோப்பாவின் பேரறிஞர்கள் ஏமாந்த ஒரு போலி நூலை இனங்கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இயற்கை வரலாற்றுப் பங்களிப்பு

சொன்னெரா பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் பிரெஞ்சு மொழிப் பெயர்களையே இட்டார். லின்னேயசின் இரு சொற்பெயர் முறையைப் பின்பற்றவில்லை. இதனால் அவர் முதலில் விவரித்த பல உயிரினங்களுக்குப் பெயர் சூட்டிய பெருமை மற்றவர்களுக்குச் சென்றது. இசுகோபோலி, கிமெலின், இலேத்தம் ஆகியோர் தம் நாட்டிலேயே அமர்ந்து, சொன்னெராவின் படத்தையும் விளக்கத்தையும் மட்டும் கொண்டு பல பறவைகளுக்கு இலத்தீன் பெயர் இட்டனர்.

கருந்தலை மைனா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாப்பாத்தி மைனா எனவும் அழைக்கப்படும் இப்பறவையைச் சொன்னெரா 1782 இல் படத்துடன் விவரித்தார். கிமெலின் 1789 இல் அதனை ஆதாரமாகக் கொண்டு "கோயில்களுக்குரியது" எனப் பொருள்படும் "பகோடாரம்" என்ற பெயரை இட்டார்.

மடகாசுக்கரில் வாழும் அய்-அய், இந்திரி என்னும் இரு அரிய விலங்குகளை அறிவியல் உலகுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவரும் சொன்னெராவே. செடிகளில், லிச்சிப் பழ மரத்தின் அறிவியற் பெயர் 1782 இல் இவர் இட்டதாகும். இன்றும் தாவரவியல் நூல்களில் அப்பெயரைத் தொடர்ந்து இவருடைய பெயர்ச் சுருக்கம் எழுதப்படுகிறது.

காட்டுக்கோழி

தென்னிந்தியக் காடுகளில் தாம் கண்ட சாம்பல் நிறக் காட்டுக்கோழியைச் சொன்னெரா சேவல், பெட்டை இரண்டையும் காட்டி விவரித்தார். சேவலின் கழுத்து இறகுகளின் நுனி அகன்று தட்டையாகி, மெழுகுத் துளி படிந்தாற்போல் பளபளப்பாக இருக்கும். இக்கூறு வேறு எந்தக் காட்டுக்கோழியிலும் இல்லை. இதனைத் தனியாகக் கவனித்துப் பதிவு செய்தது அவருடைய வரைதிறனுக்குச் சான்றாகும்.

வீட்டுக் கோழிகளின் மூதாதை இப்பறவையே என்று சொன்னெரா கருதினார். பின்வந்தோர் இதனை ஏற்கவில்லை. வீட்டுக் கோழிகள் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே தோன்றின என்பது சார்லசு டார்வின் முதலியோரின் முடிவு. மரபணு ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே உறுதி செய்தன. ஆயினும் பல வீட்டுக் கோழி இனங்களின் கால்களில் காணப்படும் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான மரபணு சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்தே வந்தது என்று 2008 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. சொன்னெரா முழுவதும் சரி அல்லர். ஆனால் முழுவதும் தவறும் அல்லர் என்பது 226 ஆண்டுகளுக்குப் பின் தெரியவந்தது.

பிற்காலம்

சொன்னெரா 1786 இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள பிரெஞ்சுக் குடியேற்றமான ஏனாமின் தலைவராகப் பணியாற்றினார். 1789 இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியின் அதிர்வுகள் இந்தியாவில் இருந்த சிறு பிரெஞ்சுக் குடியேற்றங்களையும் எட்டின. 1793 இல் போர் மூண்டதும் ஆங்கிலேயர் புதுச்சேரியையும் ஏனாமையும் கைப்பற்றினர். சொன்னெரா பிடிபட்டு, 1813 வரை புதுச்சேரியில் போர்க்கைதி நிலையிலேயே வாழ நேர்ந்தது.

இந்த நீண்ட காலத்திலும் அவர் தம் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதினார். தம் முதல் இந்திய நூலைத் திருத்தியும் விரித்தும் ஒரு புதிய பயண நூலை உருவாக்கினார். இதற்கிடையே 1806 இல் பாரிசில் சொன்னினி என்பவர் பழைய நூலின் இரண்டாம் பதிப்பை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். நூலாசிரியர் அப்போது கடல்களுக்கு அப்பால் புதுச்சேரியில் இருந்தார்.

1813 இல் பிரான்சுக்குத் திரும்பிய சொன்னெரா, நெப்போலியனுக்கு எதிரான கூட்டுப் படைகள் பாரிசு நகருக்குள் நுழைந்த 1814 மார்ச் 31 அன்று அந்நகரில் காலமானார். அவருடைய புதிய நூல் அச்சேறவில்லை. கையெழுத்துப் படியாகவே இருந்த அது, சான் தெலோச்சு உள்ளிட்ட ஆய்வாளர்களின் முயற்சியால் 2010 இல் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் வெளியீடாக வந்தது. எழுதப்பட்ட நகரிலேயே, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நூல் அச்சு வடிவம் பெற்றது.

மதிப்பீடு

சொன்னெரா வாழ்ந்த காலத்திலேயே அவர் மீது விமர்சனங்கள் எழுந்தன. மொரீசியசைச் சேர்ந்த கொசிஞி என்பவர் அத்தீவைப் பற்றிய அவருடைய கூற்றுகளை மறுத்து 1784 இல் ஒரு மடல் நூலை வெளியிட்டார். நியூ கினிப் பயணத்தின் உண்மைத் தன்மை தெரிந்த பின், அவருடைய நூல்கள் முழுவதையும் ஐயத்துடன் நோக்குவோரும் இருந்தனர். மொரீசியசைச் சேர்ந்த வரலாற்றாளர் மாதலேன் லீ-தியோ-ஃபான் 1978 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று ஆய்வு, இவரை நிறை குறைகளுடன் மீண்டும் அறிமுகப்படுத்தியது.

இன்றைய ஆய்வாளர்கள் இவருடைய படங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பயன்படுத்துகின்றனர் எனலாம். முதலாவது, உயிரினத்தையோ பொருளையோ நேரில் கண்டு வரைந்தவை. இரண்டாவது, உள்ளூர் ஓவியர்களின் படங்களைப் பின்பற்றியவை. மூன்றாவது, பிறர் சேகரித்த தோல்களைப் பார்த்து வரைந்து, இடத்தை மாற்றிக் கூறியவை. முதல் வகை இயற்கை வரலாற்றுக்கும், இரண்டாம் வகை தமிழகக் கலை வரலாற்றுக்கும் சான்றாகின்றன. மூன்றாம் வகையும் பயனற்றதன்று. ஒரு படத்தின் மூலத்தைக் கேட்டறியாமல் நம்பினால் என்ன நேரும் என்பதை அது காட்டுகிறது.

இவருடைய பெயரைத் தாங்கும் உயிரினங்கள்

சாம்பல் நிறக் காட்டுக்கோழி (கல்லஸ் சொன்னெராட்டி) – 1813 இல் தெம்மிங்க் இட்ட பெயர். இந்தியத் தீபகற்பத்தில் மட்டும் வாழ்வது.

சொன்னெராட்டியா – கண்டல் மரப் பேரினம். லின்னேயசின் மகன் இட்ட பெயர். இதன் ஓர் இனம் பிச்சாவரத்தில் உள்ளது.

செம்பழுப்பு வரிக் குயில் (ககோமாண்டிஸ் சொன்னெராட்டி) – 1790 இல் இலேத்தம் இட்ட பெயர். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காணப்படுவது.

பெரும் பச்சைச் சிட்டு (குளோரோப்சிஸ் சொன்னெராட்டி) – மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளில் வாழ்வது.

களவா மீன் வகை (செஃபலோஃபோலிஸ் சொன்னெராட்டி) – 1828 இல் வலான்சியேன் இட்ட பெயர். இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் பாறை சார்ந்த கடற்பகுதிகளில் வாழ்வது.

நூல்கள்

நியூ கினிப் பயணம் (பாரிசு, 1776)

கிழக்கிந்தியாவுக்கும் சீனாவுக்கும் பயணம் (பாரிசு, 1782, இரண்டாம் பதிப்பு 1806)

கிழக்கிந்தியாவுக்குப் புதிய பயணம், 1786–1813 (புதுச்சேரி, 2010, ஆசிரியர் மறைவுக்குப் பிந்தைய வெளியீடு)